முறிந்த கணுக்கால், கம்பெனி கார், குண்டும் குழியுமான சாலை

வலது கணுக்கால் முறிந்து வீட்டில் கிடப்பவரைப் பார்க்க வருகிற உறவினர்களும் நண்பர்களும் தவறாமல் கேட்பது, "எப்போது எழுந்து நடப்பீர்கள்?" என்பதுதான். அலுவலகத்திலிருந்து அழைக்கிறவர்கள் நலம் விசாரித்த கையோடு கேட்பது, "எப்போதிலிருந்து வண்டி ஓட்டுவீர்கள்?" என்பது. முதல் கேள்விக்கு எக்ஸ்ரே படம் ஓரளவு பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு எந்தப் படமும் பதில் சொல்லாது. என் வேலையோ ஊர் ஊராகச் சென்று வாடிக்கையாளர்களைப் பார்க்கும் வேலை. அதற்காகவே கம்பெனி எனக்கு ஒரு கார் கொடுத்திருக்கிறது. ஆகவே சில மாதங்களாக என் பேச்சு முழுவதும் கால், கார், சாலை ஆகிய மூன்றைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. பேசித் தெரிந்துகொண்டவற்றையும், கட்டிலில் கிடந்தபடி படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விபத்து என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை. மழையில் நனைந்திருந்த படிக்கட்டில் இறங்கும்போது கால் பிசகி மடங்கிவிட்டது. கணுக்காலின் வெளிப்புறத்தில் புடைத்துக்கொண்டு தெரியும் எலும்பும் உட்புறத்துப் புடைப்பும் சேர்ந்தே முறிந்திருந்தன. மூட்டு விலகியிருந்ததால் மாவுக்கட்டு மட்டும் போதாது என்று சொல்லி, அறுவை சிகிச்சை செய்து, உலோகத் தட்டும் திருகுகளும் வைத்துப் பொருத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் இரண்டு எலும்புகளில் மெல்லியதன் கீழ்முனைதான் வெளிப்புறப் புடைப்பு. தடித்ததன் கீழ்முனை உட்புறப் புடைப்பு. இவ்விரண்டும் இரு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொள்ள, நடுவில் பாதத்தின் மேலெலும்பு உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைகிறது. ஆக்சிலரேட்டரை மிதிப்பதும் விடுவதும் ஏறக்குறைய முழுவதுமாக இந்த ஓர் அசைவால்தான் நடக்கின்றன.

"தட்டுதான் வைத்தாகிவிட்டதே, இனி என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானாக ஒட்டும்வரை அதை அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. பொதுவாக முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு கலந்த மென்மையான இணைப்பு ஒன்று உருவாகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்பட்டு, ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்களுக்குள் பாரம் தாங்கும் எலும்பாக மாறுகிறது. தட்டு வைத்து இறுக்கமாகப் பொருத்தியிருந்தால் இந்த இடைநிலை இணைப்பு அதிகம் தோன்றாமல், எலும்போடு எலும்பு நேரடியாகச் சேர்வதும் உண்டு. எப்படிச் சேர்ந்தாலும் வேலை அத்துடன் முடிவதில்லை. சேர்ந்த எலும்பு தன்னைத் தேய்த்தும் வளர்த்தும் சீர்செய்துகொள்வது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. தன்மீது விழும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். அளவறிந்து பாரம் வைப்பதே சிகிச்சையின் ஒரு பகுதியாக இன்று இருப்பதற்கு அடிப்படை அதுதான். "ஓய்வெடுங்கள், காலைக் கீழேயே வைக்காதீர்கள்" என்று மாதக்கணக்கில் அன்போடு வற்புறுத்துகிறவர்களிடம் வோல்ஃபைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன்; பெரிய பலன் இல்லை.

எலும்பைவிட அதிகமாகப் படுத்தியது அதைச் சுற்றியிருந்தவைதான். கட்டைப் பிரித்தபோது ஆடுதசை ஒடுங்கிப் போயிருந்தது. மூட்டோ துருப்பிடித்த கீல்போல இறுகியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னார். கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் விட்டு நின்று தொட முடிகிறது என்பதுதான் கணக்கு. இடது காலால் ஒரு சாண் தள்ளி நின்று எளிதாகத் தொட முடிந்தது. வலது கால் விரல் சுவரை ஒட்டியிருந்தபோதும் முழங்கால் சுவருக்கு எட்டவில்லை. அடி ஸ்கேல் ஒன்றைத் தரையில் ஒட்டிவைத்துவிட்டு, "இனி தினமும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், எக்ஸ்ரேயைப் பார்க்க வேண்டாம்" என்றார் அவர். இந்தச் சிகிச்சைக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

மற்றொரு பயிற்சி, ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களிலும் உறைகளிலும் இருக்கும் உணர் நரம்புகள், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை நாம் பார்க்காமலேயே மூளைக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கின்றன. காயத்தில் இந்தச் செய்திப் போக்குவரத்தும் பழுதாகிவிடுகிறது. கணுக்கால் சுளுக்குக்குப் பின் கால் அடிக்கடி நிலைதடுமாறுவதற்கு இதுவே காரணமாகலாம் என்று ஃப்ரீமன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1965இல் எழுதினார்கள். அசையும் பலகையின்மேல் நின்று பழகும் பயிற்சியைப் பரவலாக்கியதில் அவர்களுடைய பங்கு பெரிது. கார் ஓட்டுகிறவருக்கு இது மிகவும் பொருந்தும். பிரேக் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்து யாரும் மிதிப்பதில்லை. பாதம் தன் இடத்தைத் தானே அறிந்திருக்க வேண்டும்.

காரில் முதலில் ஏறியது பயணியாகத்தான். பின் இருக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாமே என்று பலரும் சொல்வார்கள். அப்படிச் சாய்ந்து உட்கார்ந்தால் சீட் பெல்ட் உடலின் மேல் சரியாகப் படியாது. அதோடு பின் இருக்கை பெரும்பாலான கார்களில் பின்சக்கர அச்சுக்கு நெருக்கமாக இருப்பதால், சக்கரம் வாங்கும் அடி அங்கே கூடுதலாகத் தெரியும். முன் இருக்கை இரு அச்சுகளுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்திருக்கிறது. அதை முடிந்தவரை பின்னால் தள்ளி, குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்வதே மேல். வீக்கம் வடியட்டும் என்று டாஷ்போர்டின் மேல் காலைத் தூக்கி வைப்பது மட்டும் கூடவே கூடாது. அந்த மூடிக்குப் பின்னால் இருக்கும் காற்றுப்பை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது. அதன்மேல் காலை வைத்திருப்பவரின் முழங்காலும் இடுப்பும் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. நீண்ட பயணமாக இருந்தால் இடையிடையே நிறுத்தி இறங்கி நிற்க வேண்டும். காலைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் வீக்கம் ஏறும் என்பது ஒன்று; கட்டுப்போட்டிருந்த காலில் இரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது என்பது அதைவிட முக்கியமானது.

பயணியாக உட்கார்ந்தபோதுதான் சாலையை இத்தனை நுணுக்கமாகக் கவனித்தேன். ஓட்டுகிறவருக்கு வரப்போகும் பள்ளம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, உடம்பு தானாக இறுகித் தயாராகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. பள்ளத்தைப் பார்த்து நண்பர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடிப்பதைக் கவனித்து, அதையே முன்னறிவிப்பாகக் கொண்டு நான் காலைச் சற்றே தூக்கிக்கொள்ளப் பழகினேன். சாலை கெட்டிருக்கிறது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் கெட்டுப்போவதில் பல தினுசு இருக்கிறது. ஆழமான தனிப் பள்ளம் ஒரே அடியாக அடித்து முடித்துவிடும். பள்ளத்தை மூடி மேடாக விட்டுச் சென்ற ஒட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் இருமுறை தூக்கிப் போடும். காங்கிரீட் சாலையின் இணைப்புகள் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே வரும். எல்லாவற்றிலும் மோசமானது, பார்வைக்கு நன்றாகத் தோன்றி, நெடுகிலும் சிற்றலைபோல நெளிந்து கிடக்கும் சாலை. அதில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குத் தோன்றவே தோன்றாது.

இதற்குக் காரணம் காரின் அமைப்பிலேயே இருக்கிறது. சக்கரங்களுக்கு மேலே வில்லாகத் தாங்கும் அமைப்பான சஸ்பென்ஷனின் மேல் உட்கார்ந்திருக்கும் காரின் உடல் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை என்ற அளவில் மெதுவாக மேலும் கீழும் அசையும் இயல்புடையது. அது நம்மை அதிகம் துன்புறுத்துவதில்லை. சக்கரமும் அச்சும் தனியாகத் துள்ளுவது நொடிக்கு 10 முதல் 15 முறை வரை. உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வில் மிக அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வுகளை என்பது, முழு உடல் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 என்ற பன்னாட்டுத் தரத்தின் கணக்கிலும் இடம்பெற்றிருக்கிறது. நல்ல சஸ்பென்ஷன் என்பது சாலையின் அதிர்வுகள் அந்த இடைப்பட்ட எல்லைக்குள் உடலை எட்டாமல் பார்த்துக்கொள்வது. வேலைக்காக வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது வெறும் சொகுசு விஷயம் அல்ல என்பதால்தான், 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதிகளில், எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரியாக 0.5 மீட்டர்/நொடி² அதிர்வைத் தாண்டினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 1.15ஐத் தாண்டவே கூடாது என்றும் வகுத்திருக்கிறார்கள். அந்த எல்லைகளைத் தொடுபவை பெரும்பாலும் மண்வாரி இயந்திரங்களும் டிராக்டர்களும்தான். நல்ல சாலையில் ஓடும் கார் பொதுவாக அவற்றுக்குக் கீழேயே இருக்கும். ஆனால் "நல்ல சாலையில்" என்ற அந்த நிபந்தனையை மறந்துவிடக் கூடாது.

சாலை எவ்வளவு மோசம் என்பதையும் எண்ணால் சொல்ல வழி இருக்கிறது. 1982இல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய பெரிய சோதனை ஒன்றின் விளைவாகப் பிறந்த பன்னாட்டுக் கரடுமுரடுக் குறியீடு அது. ஒரு காரின் நான்கில் ஒரு பங்கை, அதாவது ஒற்றைச் சக்கரத்தையும் அதன் மேலுள்ள சஸ்பென்ஷனையும் கணிதத்தில் உருவாக்கி, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சாலையில் ஓடவிட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சஸ்பென்ஷன் மேலும் கீழுமாக மொத்தம் எத்தனை மீட்டர் அசைகிறது என்பதே அந்த எண். புதிதாகப் போட்ட சாலையில் அது 1.5 முதல் 3.5 வரை இருக்கும்; சிதைந்த சாலையில் 4 முதல் 11 வரை ஏறும். காலில் திருகுகளோடு உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வேறுபாடு எந்தக் கருவியும் இல்லாமலே தெரியும்.

பள்ளம் எப்படி விழுகிறது என்பதில்தான் எனக்கு மிகப் பெரிய வியப்பு. மழைதான் சாலையைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். மழைநீர் தனியாக எதையும் செய்துவிடுவதில்லை. மேல்தளத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் விரிசல் வழியே இறங்கி, அடியிலுள்ள ஜல்லியையும் மண்ணையும் நெகிழவைக்கிறது. அதன்மேல் சக்கரங்கள் ஏறி இறங்கும்போது அந்த நீர் அழுத்தத்தோடு பிதுங்கி, நுண்ணிய மண்ணைக் கூடவே இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அடித்தளம் வெற்றிடமானதும் மேலே இருக்கும் தார் உடைந்து உள்ளே விழுகிறது. குளிர் மிகுந்த இடங்களில் விரிசலுக்குள் நீர் உறைந்து விரிவதும் சேர்ந்துகொள்ளும். அந்த விரிசல்களை முதலில் உண்டாக்குபவை எவை என்பதற்கு 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனை ஒரு விடை தந்தது. அச்சின்மேல் விழும் சுமை இருமடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இருமடங்காக அல்ல, ஏறத்தாழ 16 மடங்காகிறது. அதாவது சுமையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சேதம் கூடுகிறது. இந்தக் கணக்கின்படி, 10 டன் சுமையுள்ள ஒரு லாரி அச்சு, 0.7 டன் சுமையுள்ள ஒரு கார் அச்சைப்போல 40,000 மடங்குக்கும் மேலாகச் சாலையைக் கெடுக்கிறது. எல்லா வகைச் சாலைக்கும் இந்த நான்காம் அடுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், போக்கு அதுதான். காரில் போகிற நாம் அனுபவிக்கும் பள்ளங்களை நாம் உண்டாக்கவில்லை. ஆனால் அந்த லாரிகள் கொண்டுவரும் சாமான்களை வாங்குகிறவர்கள் நாமே என்பதால், சாலையோரம் நின்று லாரிக்காரரைத் திட்டுவதும் நியாயமில்லை.

இனி காருக்கு வருகிறேன். கம்பெனி கார் என்பது நாமே தேடிப் பார்த்து வாங்குவது அல்ல. பதவிக்கு ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் மூன்று நான்கு மாடல்கள் இருக்கும். பதவி உயர உயரக் காரின் நீளமும் சக்கரத்தின் விட்டமும் கூடும். வாடகை ஒப்பந்தத்தில் எடுத்த கார்களாக இருந்தால், குறிப்பிட்ட ஆண்டுகள், குறிப்பிட்ட கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, திருப்பித் தரும்போது கீறல்களையும் ரிம்மின் உரசல்களையும் எண்ணிப் பணம் பிடிப்பார்கள். எனக்கு வந்த மாடலில் பெரிய அலாய் சக்கரங்கள். பார்க்க மிடுக்காகத்தான் இருக்கும். அதன் விலையை என் கால்தான் கொடுத்தது.

டயரின் பக்கவாட்டில் பதித்திருக்கும் எண்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். 205/55 ஆர் 16 என்றிருந்தால், டயரின் அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு, அதாவது சுமார் 113 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 16 அங்குலம். 225/40 ஆர் 18 என்றிருந்தால் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர்தான். இரண்டு சக்கரங்களின் மொத்த உயரமும் ஏறத்தாழ ஒன்றே. பெரிய ரிம் என்றால் சக்கரம் பெரிதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரப்பரும் காற்றும் இருந்த இடத்தை உலோகம் பிடித்துக்கொண்டது என்றே பொருள். பள்ளத்தின் கூர்மையான விளிம்பு முதலில் மோதுவது அந்தக் காற்றில்தான்; சஸ்பென்ஷனின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. 23 மில்லிமீட்டர் குறைந்ததன் பலன், வளைவுகளில் சற்றுத் துல்லியமாகத் திரும்புவது, பள்ளங்களில் ரிம் நெளிவது, உட்கார்ந்திருப்பவருக்கு எலும்பு வரை அடி எட்டுவது ஆகிய மூன்றும். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவருக்கு முதலாவது தேவைப்படலாம். வாடிக்கையாளரிடம் மாதிரிப் பொருள் கொண்டுபோகிறவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

நான் படுத்திருந்த காலத்தில் கார் சும்மா நின்றது. பிறகு ஒரு சகப் பணியாளர் எடுத்துக்கொண்டு போனார். நெடுநாள் அசையாமல் நிற்கும் காரில் பேட்டரி இறங்கிவிடும். பிரேக் டிஸ்கில் துரு பூக்கும். டயர் தரையைத் தொட்ட இடம் தட்டையாகி, ஓட்டத் தொடங்கியதும் சிறிது தூரம் வரை தடதடவென்று அதிரும். இவை எல்லாம் சற்று ஓடினால் சரியாகிவிடக்கூடியவை. கைமாறி ஓடும் காரின் பிரச்சினை வேறு. பலர் ஓட்டும் வண்டிக்குக் கழுவிவிட ஆள் இருக்கிறார், டீசல் போட அட்டை இருக்கிறது, டயரில் காற்று பார்க்க மட்டும் ஆள் இல்லை. திரும்பி வந்தபோது முன் டயர்கள் இரண்டிலும் அழுத்தம் வெவ்வேறாக இருந்தது. பின் டயர்களில் ஒன்று, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவைவிடக் கணிசமாக இறங்கியிருந்தது. அழுத்தம் குறைந்தால் சொகுசு கூடும் என்று சிலர் வேண்டுமென்றே குறைப்பதுண்டு. அப்படிக் காற்று குறைந்த டயர்தான் பள்ள விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிப் பக்கச்சுவர் புடைத்துப் போவது. புடைப்பு விழுந்த டயரை ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஓட்டலாமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். வலி இல்லாவிட்டால் ஓட்டலாம் என்பதுதான் பெரும்பாலோரின் அளவுகோல். அது போதாத அளவுகோல். சாதாரணமாக ஓட்டுவதற்குக் கணுக்காலுக்கு அதிக உழைப்பில்லை. திடீரென்று குறுக்கே ஒருவர் வந்தால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கின் மேல் கொண்டுபோய், முழுப் பலத்தோடு மிதிக்க எவ்வளவு நேரமாகிறது என்பதைப் பொறுத்தே ஓட்டலாமா கூடாதா என்பது முடிவாகிறது. வலது கணுக்கால் முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஓட்டுநர் சிமுலேட்டரில் உட்காரவைத்து அளந்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது; அறுவை சிகிச்சைக்கு ஒன்பது வாரங்களுக்குப் பிறகே பிரேக் பிடிக்கும் நேரம் இயல்பு நிலைக்குத் திரும்பியது என்பது அதன் முடிவு. அதே ஆய்வாளர்கள் பிறகு கால் முறிவுகளைப் பற்றிச் செய்த மற்றொரு ஆய்வில், காலில் பாரம் வைக்கத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகும் வரை அந்த நேரம் நீடித்தே இருப்பதைக் கண்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கால் 0.3 நொடி தாமதித்தால் 5 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் 5 மீட்டர் என்பது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டைப் பிரித்த பிறகு போட்டுக்கொள்ளும் கெட்டியான மருத்துவக் காலணியுடன் ஓட்டுவதும், தூக்கம் வரவழைக்கும் வலிமாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு ஓட்டுவதும் பேச்சுக்கே இடமில்லாதவை.

இதில் அலுவலகத்துக்கும் பங்கு இருக்கிறது. கம்பெனி கார் என்றால் காப்பீடு கம்பெனியின் பெயரில் இருக்கும். ஓட்டத் தகுதியற்ற நிலையில் ஒருவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் சிக்கல் அவரோடு மட்டும் நிற்காது. வாகனப் பிரிவிலிருந்து எனக்கு வந்த படிவத்தில், "பணிக்குத் திரும்பத் தகுதியுடையவர்" என்று மருத்துவர் கையெழுத்திட ஒரு கட்டம் இருந்தது. ஓட்டத் தகுதியுடையவரா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் நாள் முழுவதும் சாலையில் இருப்பவருக்கும் ஒரே படிவத்தைக் கொடுப்பது சோம்பேறித்தனம் என்பதே என் கருத்து. மருத்துவரிடம் சொல்லி, மேற்கொண்டு ஒரு வரியை எழுதி வாங்கினேன். அதன்பிறகும், காம்பவுண்டுக்குள் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் கைதட்டும்போதெல்லாம் பிரேக்கை மிதித்துப் பழகிய பின்புதான் வெளியே எடுத்தேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக் கல்லாக இறுகிவிடும், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குக் கிடைக்கும் வெற்றிடம் தீர்ந்துவிடுவதே காரணம். ஆனால் காலுக்கு அதுவே நல்ல பயிற்சியாக அமைந்தது. இடது கால் முறிந்தவர்கள் ஆட்டோமேட்டிக் கார் கிடைத்தால் முன்னதாகவே ஓட்டத் தொடங்க முடியும், கிளட்ச் இல்லை அல்லவா. வலது கால் முறிந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. வலது கால் நிரந்தரமாகப் பயன்படாதவர்களுக்கு இடது காலால் இயக்கும் ஆக்சிலரேட்டரைப் பொருத்தித் தருவார்கள்; தற்காலிகக் காயத்துக்கு அதைப் பரிந்துரைப்பது அரிது, பழகுவதற்கே நெடுநாளாகும் என்பதே காரணம்.

முதுகுத்தண்டில் டிஸ்க் விலகி மீண்டுவந்த சகப் பணியாளர் ஒருவரோடு இவற்றைப் பற்றி அடிக்கடி பேசுவதுண்டு. வேகத்தடைகளைப் பற்றி அவர் சொன்னதும் என் அனுபவமும் அப்படியே ஒத்துப்போயின. 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. சரியான வேகத்தில் ஏறினால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது, வேகமாக ஏறினால்தான் தூக்கிப் போடும். நாம் அன்றாடம் ஏறி இறங்குபவை பலவும் ஒரு சாண், இரண்டு சாண் அகலத்தில் திடுக்கென்று எழும்பி நிற்பவை. அவற்றில் எவ்வளவு மெதுவாகப் போனாலும் முன் சக்கரம் ஒரு முறை, பின் சக்கரம் ஒரு முறை என்று குலுக்கல் இருக்கும். வேகமாகப் போகிற சிலருக்கு, டயரே அடியை விழுங்கிவிடுவதால், குறைவாகத் தெரிவதும் உண்டு. மெதுவாகப் போகிறவரைத் தண்டித்து, வேகமாகப் போகிறவரை விட்டுவிடும் வேகத்தடையால் யாருக்கு என்ன பயன் என்று அவர் கேட்டார். "முதுகு வலிக்காரரைச் சாலை அமைக்கும் குழுவில் உட்காரவைக்க வேண்டும்" என்பது அவருடைய யோசனை. கணுக்கால்காரருக்கும் ஓர் இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

எங்கள் கார்களில் ஓட்டும் முறையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்று பொருத்தியிருக்கிறது. திடீர் பிரேக், திடீர்த் திருப்பம் ஆகியவற்றை எண்ணி மாதக் கடைசியில் மதிப்பெண் அனுப்பும். பள்ளத்தைத் தவிர்க்கப் பிரேக் பிடித்தாலும், பொறுப்பின்றி ஓட்டிப் பிரேக் பிடித்தாலும் அதற்கு ஒன்றுதான். நான் மீண்டும் ஓட்டத் தொடங்கிய மாதத்தில் என் மதிப்பெண் குறைந்திருந்தது. கெட்ட சாலையில் போய் வரும் எல்லோருக்கும் குறைந்துதான் இருக்கிறது. முன்பின் அசைவைப் பதிவு செய்யும் உணரியே மேலும் கீழுமான அசைவையும் பதிவு செய்கிறது, அந்தக் கணக்கை மட்டும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 2012இல் பாஸ்டன் மாநகராட்சி இதே உத்தியைக் கைப்பேசி செயலி ஒன்றில் முயன்றது. வண்டியில் கைப்பேசி குலுங்கும் இடங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, சாலை மட்டத்திலிருந்து அமிழ்ந்துபோன பாதாளச் சாக்கடை மூடிகள் பள்ளங்களைவிடப் பெரிய தொல்லையாக இருப்பது தெரியவந்தது. எங்கள் நிறுவனத்தின் கார்கள் ஓடும் பாதைகளுக்கும் இப்படி ஒரு கணக்கு எடுத்தால், எந்த வழியைத் தவிர்க்கலாம், எந்த வழியில் போகிறவருக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பதாவது தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஒப்பந்தத்துக்கான கார்ப் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. என் கோரிக்கை எளிமையானது: அதே மாடலில் 16 அங்குல ரிம்மும் உயரமான பக்கச்சுவருள்ள டயரும், இடுப்பைத் தாங்கும்படி சரிசெய்யக்கூடிய இருக்கையும் வேண்டும், தோல் உறையும் கூரைக் கண்ணாடியும் வேண்டாம். சிறிய சக்கரம் கீழ்ப்படியிலுள்ள மாடலோடு மட்டுமே வரும் என்றும், என் பதவிக்கு அதைக் கொடுத்தால் "சரியாக இருக்காது" என்றும் வாகனப் பிரிவு அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். கீழ்ப்படி மாடலையே எடுத்துக்கொள்கிறேன், மிச்சமாகும் வாடகையில் எல்லாக் கார்களுக்கும் மாதம் ஒருமுறை காற்று பார்க்க ஆள் வையுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.